பிஞ்சு உதிர்ந்தால் எந்தப் பக்கம் பார்ப்பது? தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும், அவர்களுக்காகச் செய்முறை நூல்கள் எழுதித் தருகிறவர்களுக்கும் வணக்கம்.

போன வருடம் மாடியில் சுரை விதை ஊன்றினேன். பொங்கலை ஒட்டிச் சென்னை நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் வாங்கிய மாடித்தோட்ட நூல் ஒன்று கையில் இருந்தது. அதில் சொன்னபடியே மண், தேங்காய் நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் கலந்து பை நிரப்பினேன். பந்தல் போட்டேன். கொடி நன்றாகவே ஏறியது. ஆனால் முதல் இரண்டு வாரம் வந்ததெல்லாம் ஆண் பூ. கொடியில் ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டேன். சுரையில் ஆண் பூ முந்திக்கொள்ளும், பெண் பூ பிறகு பக்கக் கிளைகளில்தான் நிறைய வரும் என்று நூலில் ஒரு வரி இல்லை. அப்புறம் காம்போடு குட்டிக் காய் ஒட்டிய பெண் பூக்களும் வந்தன. நான்கே நாளில் அந்தப் பிஞ்சுகள் மஞ்சளாகி, நுனி கறுத்து, ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

நூலைத் திரும்ப எடுத்துப் புரட்டினேன். கொடிக் காய்கறிகளில் காய் பிடிக்காவிட்டால், காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவச் சொல்லியிருந்தது. ஆறு மணிக்கே போய் நின்றேன். பூக்கள் நனைந்த காகிதம் மாதிரி துவண்டு கிடந்தன. ஒரு வாரம் தடவிப் பார்த்தேன். மொத்தம் பதினொரு பிஞ்சு போனது. துணி உலர்த்த வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டுச் சிரித்தார். "சொரப்பூ வெளக்கு வைக்கிற நேரத்துல மலர்ற பூவாச்சே. காலையில வந்து எழுப்பினா எந்திரிக்குமா?"

அன்று மாலை ஆறரைக்கு மேலே போனேன். வெள்ளை வெளேரென்று விரிந்திருந்தன. சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் மாலையில் மலர்கிறவை. பரங்கி, பாகல், வெள்ளரி காலையில். சுரையின் அந்த வெள்ளை நிறமே இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளைக் கூப்பிடத்தான். மூன்றாவது மாடிக்கு அவை சரியாக வருவதில்லை, அதனால்தான் கையால் தடவ வேண்டியிருக்கிறது. நூலை எழுதியவர் பரங்கிக்குப் பொருந்துவதை எல்லாக் கொடிக்கும் பொதுவாக எழுதிவிட்டார். ஒரே ஒரு சுரைக் கொடியை வளர்த்திருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மா சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டில் அது நடந்தே விட்டது.

இதற்காக ஒரு மடலா என்று கேட்பீர்கள். சுரைக்காய்க்காக மட்டும் இல்லை. நான் 26 ஆண்டுகள் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் நூல்களை எனக்கு உங்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நூல் விற்கும்வரைதான் அது உங்களுடையது. அதற்குப் பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்பதை நான்தான் பார்த்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதித் தாளில் முத்திரை எத்தனை விழுந்திருக்கிறது, எந்தப் பக்கத்தில் மஞ்சள் கறை, எங்கே ஓரத்தில் பென்சில் கிறுக்கல், எந்தப் பக்கமே காணோம்.

காணாமல் போன பக்கத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நூல் திரும்பி வந்தால் புரட்டிப் பார்த்துத்தான் உள்ளே வைப்பேன். ஆரம்பத்தில் கிழிந்த பக்கம் கண்ணில் பட்டால் எரிச்சலாக வரும். அபராதம் போட்டிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். போகப் போக அதுவே எனக்கு ஒரு மதிப்புரை ஆகிவிட்டது. கிழிந்து போனவை எவை? வில்லங்கச் சான்று கேட்கும் மாதிரி விண்ணப்பம். ரவிக்கை வெட்டும் வரைபடம். பிரசவ லேகியத்துக்கான மருந்துச் சாமான் அளவு. குழந்தைகளின் தடுப்பூசி அட்டவணை. நூலகத்தின் சொத்தை அவர்கள் கிழித்தது தப்புதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 26 வருடத்தில் ஒரு முன்னுரைகூடக் களவு போகவில்லை. ஒரு வாழ்த்துரைகூட.

அந்த முன்னுரைகளுக்குத்தான் நீங்கள் பதினான்கு பக்கம் ஒதுக்குகிறீர்கள்.

ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். பட்டா விஷயமாக அலைந்துகொண்டிருந்தவர். தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றிய நூலை எடுத்துப் போய், மாதிரி விண்ணப்பத்தைப் பார்த்து எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினார். 30 நாளில் பதில் வர வேண்டும் என்று நூல் சொல்லியிருந்தது. முப்பத்தொன்றாம் நாள் காலையில் நூலகக் கதவு திறக்கும் முன்பே வந்து நின்றார். "பதிலு வல்ல மேடம். இதுக்கடுத்த பக்கம் எது?"

அடுத்த பக்கம் இல்லை. நூல் அதோடு சட்டத்தின் சிறப்புகளுக்குப் போய்விட்டது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. நான் வேறொரு நூலில் தேடி அவருக்கு எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பம் போடுவது எப்படி என்று அவர் யாரிடமும் கேட்டிருக்கலாம், ஜெராக்ஸ் கடைக்காரரே சொல்லிவிடுவார். பதில் வராத நாளில் என்ன செய்வது என்பதற்குத்தான் அவருக்கு நூல் தேவைப்பட்டது.

நான் சொல்ல வந்தது இதுதான். எல்லாம் சரியாக நடந்தால் என்ன ஆகும் என்று எழுதுகிறீர்கள். வாசகர் நூலைத் திரும்பத் திறப்பது ஏதோ ஒன்று சரியாக நடக்காத நேரத்தில். அந்த நேரத்துக்கான பக்கம் உங்கள் நூல்களில் இல்லை.

தையல் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் இதையே வேறு மாதிரி சொன்னாள். "அளவு எடுக்கிறது, கட்டம் போடறது எல்லாப் புக்லயும் இருக்கு மேடம். போட்டுப் பாத்தா அக்குள்ல இழுக்குது. அது ஏன் இழுக்குதுன்னு எதுலயும் இல்ல." அவள் கடைசியில் ஒரு பழைய நூலைக் கண்டுபிடித்தாள். அட்டை போய், தைத்து ஒட்டிய நூல். அதில் ஒரே ஒரு அத்தியாயம் முழுக்க இப்படித்தான் இருந்தது. அக்குளில் இழுத்தால் கைக்குழி ஆழத்தைப் பார், தோளில் நழுவினால் கழுத்து அகலத்தைப் பார், எப்போதும் உள்தையலில் கொஞ்சம் துணி விட்டு வை, பிரித்துத் திருத்தலாம். அந்த நூலை அவள் மூன்று முறை புதுப்பித்தாள். அதன் பிறகு எனக்கே வெட்கமாகி, இதற்கு நான் அபராதம் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். தணிக்கைக்காரர்கள் இதைப் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சமையல் நூல்களைப் பற்றி ஒரு நூலே எழுதலாம். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. மெட்ரிக் அளவுகள் நம் நாட்டில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது 1958இல். ஆக, அந்த அம்மாள் எழுதியபோது கிராமும் இல்லை, மில்லியும் இல்லை. படி, ஆழாக்கு, பலம்தான். அந்த அளவுகளை வைத்துக்கொண்டே, மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இல்லாமல் தனியாக அடுப்பு முன் நிற்கும் ஒரு பெண்ணுக்கு எழுதினார். கல்யாணமாகி ஊர்விட்டு ஊர் போகும் பெண்களின் பெட்டியில் அது போனதற்கு அதுதான் காரணம். எனக்கு அந்தத் தலைப்பும் பிடிக்கும். 'சமையல் கற்றுக்கொள்' என்று இல்லை, 'சமைத்துப் பார்'. வராமலும் போகலாம், மறுபடி செய் என்ற அர்த்தமும் அந்தப் 'பார்' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இன்றைய நூல்களில் கிராம் இருக்கிறது, வண்ணப்படம் இருக்கிறது, பதம் மட்டும் இல்லை. அதிரசப் பாகை '5 நிமிடம் கொதிக்கவிடவும்' என்று போடுகிறீர்கள். யார் வீட்டு அடுப்பில்? எந்த வெல்லத்தில்? தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் உருட்ட வர வேண்டும் என்று ஒரு வரி போட்டால் எந்த அடுப்புக்கும் பொருந்துமே. எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்து போனால் பாகு பதம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் மாவு சேர் என்று இன்னொரு வரி. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு எண்ணெய்ச் சட்டி முன் நிற்கிறவளுக்கு அந்த இரண்டாவது வரிதான் நூலின் முழு விலையும்.

நீங்கள் எழுதாததை வாசகர்களே எழுதிக்கொண்டார்கள். எங்கள் நூலகத்துச் சமையல் நூல் ஒன்றில் இட்லி மாவுப் பக்கத்தின் ஓரத்தில் ஒருவர், 'வெயில் காலத்தில் 6 மணி நேரம் போதும், புளித்துவிடும்' என்று பென்சிலில் எழுதியிருந்தார். அதன் கீழே வேறு கையெழுத்தில், 'மழைக் காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவும்'. அதற்கும் கீழே நீல மையில் 'நன்றி'. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. நூலில் எழுதக் கூடாது என்று சுவரில் நான் மாட்டிய அறிவிப்பின் கீழேதான் இது நடந்தது. அழிப்பான் எடுத்துப் போனேன், அழிக்க மனம் வரவில்லை.

சரி, பழைய தகவல் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. பன்னிரண்டாம் பதிப்பு என்று போட்டிருக்கிறதே, புதிதாக இருக்கும் என்று நம்பித்தான் வாசகர் எடுக்கிறார். அது பதிப்பு இல்லை, மறு அச்சு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஊரே வாயில் வைத்திருந்த 420 இப்போது 318இன் 4ஆம் உட்பிரிவு. அதற்குப் பிறகு அச்சான சட்ட வழிகாட்டி ஒன்று அதே பழைய எண்களோடு என் கைக்கு வந்தது. சேமிப்பு பற்றிய நூல் ஒன்றில், வங்கி மூழ்கினால் வைப்புத் தொகையில் 1 லட்சம் வரைதான் காப்பீடு என்று இருந்தது. 2020 பிப்ரவரி 4 முதலே அது 5 லட்சம். ஓய்வூதியப் பணத்தை எங்கே போடுவது என்று தடுமாறுகிற ஒருவருக்கு இந்த வித்தியாசம் சின்னதா? உங்களால் ஒவ்வொரு அச்சுக்கும் நூலைத் திருத்த முடியாது என்று புரிகிறது, செலவு இருக்கிறது. பதிப்பு விவரப் பக்கத்தில் 'இந்நூலின் தகவல்கள் இந்த மாதம் வரை சரிபார்க்கப்பட்டவை' என்று ஒரு வரி போட என்ன செலவு?

எழுதியவர் யார் என்பதும் அப்படித்தான். ஆடு வளர்ப்பு, ஜி.எஸ்.டி., யோகா, வாஸ்து நான்கையும் ஒரே பெயர் எழுதியிருந்தால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார். ஆட்டுக்காரர்கள் இதில் கில்லாடிகள். ஒருவர் நூலைத் திறந்து, குட்டி போட்ட தாய் ஆடு பால் கொடுக்காமல் உதைத்தால் என்ன செய்வது என்று இருக்கிறதா என்று மட்டும் தேடுவார். இல்லையென்றால் மூடி வைத்துவிட்டு, "இவரு ஆட்டப் பாத்ததே இல்ல" என்று போய்விடுவார். சிரித்துக்கொண்டு கடந்துவிடலாம். ஆனால் சர்க்கரை நோய்க்கு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எழுதுகிற நூலுக்கும் இதே மாதிரி அட்டை, இதே மாதிரி விலை, இதே மாதிரி விளம்பரம். அதைச் சோதித்துப் பார்க்க வாசகருக்கு ஆட்டுக்காரரின் குறுக்கு வழி கிடையாது. அங்கே பொறுப்பு முழுக்க உங்களுடையது.

பவணந்தி முனிவரின் நன்னூல் பாயிரத்திலேயே, நூலின் முகப்பில் ஆக்கியோன் பெயர் மட்டும் போதாது, அது எதன் வழி வந்தது, யாருக்காக, என்ன பயன் என்றெல்லாம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அதே இடத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களின் பட்டியலும் வரும். அவற்றில் 'சென்று தேய்ந்து இறுதல்' எனக்குப் பிடித்தது. முதல் அத்தியாயம் நாற்பது பக்கம், கடைசி அத்தியாயம் மூன்று பக்கம் என்று வருகிற உங்கள் நூல்களைப் பார்க்கும்போதெல்லாம் பவணந்தி முனிவர் ஞாபகம்தான். 'மற்றொன்று விரித்தல்' என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்த மடல் அதில் மாட்டும் முன் நான் திரும்பிவிடுகிறேன்.

ஒரு விஷயத்தில் நான் தோற்றேன், அதையும் சொல்லிவிட வேண்டும். தன்னம்பிக்கை நூல்களை நான் இளக்காரமாகத்தான் பார்த்து வந்தேன். அமெரிக்க விற்பனைப் பிரதிநிதிகளின் கதையை மொழிபெயர்த்துப் போட்டால் நம்மூர்ப் பையனுக்கு என்ன கிடைக்கும் என்று. போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் ஒரு பையன் அந்த மாதிரி நூல் ஒன்றை ஐந்தாவது முறையாக எடுத்தபோது கேட்டே விட்டேன். "அதுல இருக்கிறதெல்லாம் மனப்பாடம் மேடம். ராத்திரி ரெண்டு பக்கம் படிச்சா தூக்கம் வரும், அவ்வளவுதான்" என்றான். நான்கு முறை தேர்வில் தவறியவன். தோற்றவனோடு மரியாதையாகப் பேசுகிற குரல் அவனுக்கு அந்த நூலில்தான் கிடைத்திருக்கிறது, வீட்டில் இல்லை. அதன் பிறகு நான் அந்த அலமாரியைக் கிண்டல் செய்வதில்லை. செய்முறை நூல்களிலும் அந்தக் குரல் கொஞ்சம் இருந்தால் தேவலை. பிஞ்சு உதிர்ந்ததா, பரவாயில்லை, எனக்கும் உதிர்ந்தது என்று.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக. இலை நோயைக் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் காட்டாதீர்கள். மஞ்சள் புள்ளியும் பழுப்புப் புள்ளியும் அதில் ஒன்றுதான். வண்ணத்துக்கு வழி இல்லையென்றால் நல்ல கோட்டோவியம் போடுங்கள், அது புகைப்படத்தைவிட மேல்.

கடைசியாக, பின்பக்கச் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் பட்டியல். சீர்காழியில் பிறந்த எங்கள் அரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமி. நூலகர்களுக்குச் சொன்னது, ஆனால் பதிப்பாளர்களுக்கும் பொருந்தும். உ.வே. சாமிநாதையர் ஓலைச் சுவடிகளை வைத்துக்கொண்டு, கணினி இல்லாத காலத்தில், பதிப்புகளின் பின்னால் அரும்பதங்களுக்கு அகராதி சேர்த்தார். சீவக சிந்தாமணியை அவர் பதிப்பித்தது 1887இல். இன்று முந்நூறு பக்க மாடித்தோட்ட நூலில் 'பிஞ்சு உதிர்தல்' எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியிருக்கிறது. எல்லாம் யூடியூபில் கிடைக்கும்போது நூல் ஏன் என்று கேட்கிறார்கள். கையில் மண்ணோடு நிற்கும்போது காணொளியை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்க முடியாது, நூலென்றால் அந்தப் பக்கத்தை விரித்துக் கல் வைத்துவிடலாம். ஆனால் அந்தப் பக்கம் எதுவென்று தெரிந்தால்தானே?

என் மாடித்தோட்ட நூலை இன்னும் வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்றுவிட்டதால் என் அறிவிப்புப் பலகைக்கு நான் கட்டுப்பட்டவள் இல்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்: 'சுரை, பீர்க்கு, புடலை – விளக்கு வைக்கும் நேரம். பரங்கி, பாகல், வெள்ளரி – விடியற்காலை. பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னது.' வரும் புத்தகக் காட்சிக்கு நூலை எடுத்து வருகிறேன். வெளியிட்டவர் கடைக்கே வந்து காட்டுகிறேன், அடுத்த அச்சில் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். என் பெயர் வேண்டாம். பாட்டி பெயரைப் போடுவதாக இருந்தால் அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கிளை நூலகர்